பயிற்சி தேவையில்லை

பொத்தானைக் கண்டால் அழுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். பேக்கரியில் முட்டை அடிக்கிற இயந்திரம், ஓவன், பொட்டலம் கட்டுகிற இயந்திரம் என்று இருபத்திரண்டு வருஷமாகப் பொத்தான்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். தூத்துக்குடியில் மக்ரூன் போடுகிற ஜெசிந்தா என்றால் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். அத்தனை வருஷத்தில் எந்தப் பொத்தானும் என்னைக் கவிழ்த்ததில்லை. கவிழ்த்தது ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தும்போது கூட நான் முந்திரி பொடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் லூர்தையாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். இந்தக் காலத்தில் கிரேன்கள் எல்லாம் தாமாகவே ஓடுகின்றனவே, ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். காற்று ஓர் அளவுக்கு மேல் அடித்தால் அவை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். கப்பல் காத்திருக்குமா? அப்போது மேலே ஏறிச் சரக்குப் பெட்டியை இறக்குவதற்கென்று பதினோரு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். ஆடி மாதம் வந்தால் எங்கள் வீட்டில் அவரைப் பார்க்கவே முடியாது.

போன வருஷம் பங்குனியில் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு வலிப்பு வந்தது. மேலே இருக்கும்போது வராமல் கீழே வந்ததே என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அடுத்த வாரமும் வந்தது. துறைமுகத்தில் சட்டம் கண்டிப்பானது. ஒரு முழு வருஷம் வலிப்பில்லாமல் இருந்தால் மறுபடி ஏறலாம். ஒரு முறை வந்தாலும் கணக்கு முதலிலிருந்து. அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்றரை வயது. ஐம்பத்தைந்து முடிந்தவரைப் புதிதாக மேலே ஏற்ற மாட்டார்கள். ஆகவே அவருக்கு இருந்தது இந்த ஒரு வருஷம்தான்; இது தவறினால் அடுத்த வருஷம் என்று சொல்ல முடியாது.

டாக்டர் ஓர் இடைக்கால மருந்து கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆனால் அதை ஐந்து மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் ஈரல் தாங்காதாம். அதற்குள் 'அவருக்கான செடி' வளர்ந்துவிட வேண்டும் என்றார்.

செடி என்றால் கஞ்சாச் செடி. முகம் சுளிக்காதீர்கள். அரசாங்கமே கொடுப்பது. நோயாளியின் ரத்தத்தை எடுத்துப் போய், அவர் உடம்புக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி ஆய்வுக்கூடத்தில் ஒரு செடியை உண்டாக்குகிறார்கள். அந்தச் செடியின் பூவில் இறக்குகிற எண்ணெய் அந்த ஒருவருக்கு மருந்து. அண்ணன் செடி தம்பிக்கு ஆகாது. அதை அவரவர் வீட்டிலேயே, அவர்கள் தருகிற அலமாரிக்குள் வளர்த்துக்கொள்ள வேண்டும். ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு செடி.

எங்கள் வீட்டுக்கு வந்த அலமாரி மூன்றரை அடி உயரம். உச்சியில் விளக்கு, பக்கத்தில் மின்விசிறி, நடுவில் ஒரு கேமராக் கண். செடியை யார் தொட்டாலும் அந்தக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அலமாரி வந்த அன்று மூன்றாவது மாடிக்காரி, "என்னக்கா, கடை தொறக்கப் போறியளா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் வீட்டு விசேஷத்துக்கு இனிமேல் என் மக்ரூன் கிடையாது என்று அன்றே முடிவு செய்தேன்.

பொத்தானுக்கு வருகிறேன். அலமாரியை இயக்குவதற்கு முன் கைப்பேசியில் ஒரு விண்ணப்பம் வந்தது. பெயர், முகவரி எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டது. கடைசியில், 'பயிற்சி முறையைத் தேர்வு செய்க' என்றது. கீழே நான்கு பொத்தான்.

முதலாவது, 'மேல்தூவல் பயிற்சி.' எனக்குச் சுரீர் என்றது. இருபத்திரண்டு வருஷமாக முந்திரி தூவுகிறவளுக்கு இவர்கள் தூவக் கற்றுக்கொடுக்கப் போகிறார்களா? இரண்டாவது, 'குறைந்த மன அழுத்தப் பயிற்சி.' நோயாளி வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்துக் கண்ணை மூடு, மூச்சை விடு என்பார்களே, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஓவனில் எட்டுத் தட்டு கிடக்கிறது, எனக்குக் கண்ணை மூட எங்கே நேரம்? மூன்றாவது, 'பசுமைத் திரைப் பயிற்சி.' ஏதோ படம் போட்டுக் காட்டுவார்கள் போல. நான்காவது, 'பயிற்சி தேவையில்லை.'

அழுத்திவிட்டேன். நீங்களாக இருந்தாலும் அழுத்தியிருப்பீர்கள்.

*

இரண்டு வாரம் கழித்துச் செடியைப் பார்க்கக் கள அலுவலர் வந்தாள். ஹிதாயா என்று பெயர், காயல்பட்டினத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். செடி ஒரு சாண் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. "நல்லா வந்திருக்கு அண்ணே" என்று லூர்தையாவிடம் சொன்னவள், பதிவைத் திறந்து பார்த்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஜெசிந்தாக்கா, பயிற்சி தேவையில்லன்னு நீங்களா போட்டீங்க?"

"ஆமாம்மா. எனக்கு லீவு கிடையாது. நான் எந்த வகுப்புக்கும் வர முடியாது."

"அக்கா, பயிற்சி உங்களுக்கில்ல. செடிக்கு."

"செடிக்கா? செடி என்ன பள்ளிக்கூடத்துக்கா போவுது?"

அவள் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். இந்தச் செடி விட்டால் ஆறடி போகும். அலமாரி மூன்றரை அடி. அதனால் செடியைப் பழக்க வேண்டும். நுனியைக் கிள்ளிவிடலாம், கிள்ளினால் இரண்டாகக் கிளைக்கும். அதுதான் மேல்தூவலாம். இல்லையென்றால் தண்டை மெல்ல வளைத்துக் கட்டலாம், செடிக்கு நோகாமல். அதுதான் குறைந்த மன அழுத்தமாம். இல்லையென்றால் மேலே வலையைக் கட்டிப் பந்தல் மாதிரி பரவ விடலாம். அது பசுமைத் திரை.

"நுனி கிள்ளுறது, வளைச்சுக் கட்டுறது, பந்தல் போடுறதுன்னு எழுதினா கை சுளுக்கிக்கிடுமா?" என்று கேட்டேன். "துவரைக்கு நுனி கிள்ளுறது ஊருக்கே தெரியுமே."

"இங்கிலீஷ்ல 'டாப்பிங்', அத மேல்தூவல்னு மெஷின் மொழிபெயர்த்திருக்கு அக்கா. யாரும் படிச்சுப் பாக்கல."

"சரி, இப்ப மாத்திரு. வளைச்சுக் கட்டுறத போடு."

"மாத்த முடியாதுக்கா. கிள்ளுன நுனிய மண்ணுல வச்சா அது இன்னொரு செடி. எண்ணெய் அண்ணனுக்கு மட்டும்தான் மருந்து, மத்தவங்களுக்குப் போதை. வெளிய போயிரக் கூடாதுன்னு, முதல்ல சொன்ன முறையத் தவிர வேற எதுக்குச் செடியத் தொட்டாலும் கண்ணு பதிவு பண்ணும். மூணு தடவை ஆச்சுன்னா அலமாரி பூட்டிக்கும். செடிய உள்ளயே எரிச்சிரும். மேல்முறையீடு இருக்கு. எட்டு மாசம் ஆகும்."

"செடியோட ஆயுசே அஞ்சு மாசத்துக்குள்ளதானம்மா" என்றார் லூர்தையா.

"ஆமாண்ணே."

"சும்மா விட்டா என்ன ஆகும்?"

"நுனி நேரா போயி விளக்குல முட்டிக் கருகும். கீழ இருக்கிற கிளைங்களுக்கு வெளிச்சம் கிடைக்காது. அது மட்டுமில்ல, நுனி உச்சியில இருக்கிற வரைக்கும் மத்த கிளைங்கள வளர விடாது. கீழ ஒரு சத்த அனுப்பி அடக்கியே வச்சிருக்கும். மொத்தமா நூறு கிராம் பூ தேறலாம்."

ஒரு வருஷத்துக்கு முந்நூறு கிராம் வேண்டும். நூறு என்றால் நான்கு மாதம். இடைக்கால மருந்து ஐந்து மாதம், செடி நான்கு மாதம், ஆக ஒன்பது. பத்தாவது மாதம் மருந்தில்லாமல் வலிப்பு வரும். கிரேன் அதோடு முடிந்தது. விரல் விட்டு எண்ணுகிற கணக்குதான்; இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"பெரிய வீட்டுக்காரங்களும் இப்பிடித்தான் அலமாரியில வளர்க்குதாவளா?" என்று கேட்டேன்.

ஹிதாயா தயங்கினாள். "அவங்க ஒரு அறைய ஒதுக்கிருவாங்கக்கா. பத்தடி உயரம். அவங்களுக்குப் பயிற்சி தேவையே இல்ல."

*

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. "தமிழ்ல எழுதியிருந்தத தமிழா படிச்ச. உம்மேல என்ன தப்பு?" என்றார். அதைக் கேட்டுத்தான் அழுதேன். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, எடுத்த இயந்திரக் குரலிடம் சண்டை போட்டேன். அது நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, 'தங்கள் தேர்வுக்கு நன்றி' என்றது. கைப்பேசியைச் சுவரில் எறியாமல் வைத்தது என் வாழ்நாளில் நான் காட்டிய பெரிய பொறுமை.

செடி ஒன்றரை அடி ஆனது. ஆடிக் காற்று அந்த வருஷம் வைகாசியிலேயே தொடங்கிவிட்டது. எங்கள் நாலாவது மாடி பால்கனியிலிருந்து துறைமுகம் தெரியும். பகல் பதினோரு மணிக்குக் கிரேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. கொஞ்ச நேரத்தில் எறும்பு மாதிரி ஆட்கள் ஏறுவது தெரிந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாம் கிரேனில் இருப்பவர் இவரிடம் வேலை கற்ற ஆள். பெட்டி காற்றில் ஆடுகிறது, கீழே டிரெயிலர் நிற்கிறது, பெட்டி பொருந்தவில்லை.

"இழுக்கான் பாரு, பெட்டிய இழுக்கான்" என்று பல்லைக் கடித்தார். "இழுத்தா இன்னும் ஆடும். எத்தன தடவ சொல்லியிருக்கேன். பெட்டி வரலன்னா பெட்டியத் தொடாத, டிரெயிலர ரெண்டு இஞ்சு முன்னால எடுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு திரும்பி உள்ளே போய் அலமாரியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். வலிப்பு வரப்போகிறதோ என்று ஓடினேன்.

"ஜெசி, அந்தச் சட்டத்த படி."

படித்தேன். 'செடியின் எந்தப் பகுதியையும் வெட்டவோ, வளைக்கவோ, கட்டவோ கூடாது. நீர் ஊற்றவும் சுத்தம் செய்யவும் தொட்டியை நகர்த்தலாம்.'

"தொட்டி செடியோட பகுதியா?"

"இல்ல."

"அந்தப் பிள்ள என்ன சொல்லிச்சு? நுனி உச்சியில இருக்கிற வரைக்கும்தான் மத்ததுகள அடக்கும்னு சொல்லிச்சுல்லா. அப்ப நுனிய வெட்ட வேண்டாம், வளைக்க வேண்டாம். உச்சியில இல்லாமப் பண்ணினாப் போதும். தொட்டியச் சாய்ச்சிருவோம்."

என் வீட்டுக்காரர் புத்திசாலி என்று எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

*

சாய்ப்பது சொல்வதற்கு எளிது. முதல் நாள் தொட்டியின் ஒரு பக்கத்தில் மக்ரூன் தட்டு ஒன்றை அடியில் வைத்து அண்டை கொடுத்தேன். மண் சரிந்தது. என் பழைய சேலையைக் கிழித்துத் தொட்டி வாயில் மண்ணை மூடிக் கட்டினேன், தண்டில் படாமல். தண்ணீர் ஊற்றினால் வழிந்து வெளியே வந்தது. அவர் ஒரு திரியைச் சொருகிச் சொட்டுச் சொட்டாக இறங்குகிற மாதிரி செய்தார். கண் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்க்கட்டும் என்று இருந்தோம்.

செடி சும்மா இருக்குமா? சாய்த்த மறுநாளே நுனி வளைந்து மேலே தலை தூக்கியது. அவர் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அது மறுபடி தூக்கியது. இவர் மறுபடி சாய்த்தார். பெட்டி இறக்குகிற மாதிரி, நாளுக்கு ஒரு விரற்கடை, அதற்கு மேல் இல்லை. "அவசரப்பட்டா ஆடும்" என்று செடியிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா என்று தெரியாது.

மூன்றாவது வாரம் தட்டு வழுக்கித் தொட்டி உருண்டது. யோசிக்காமல் கையை நீட்டித் தண்டைப் பிடித்துவிட்டேன். அலமாரிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. 'தொடுதல் ஒன்று' என்றது அதே இயந்திரக் குரல். நான் தண்டைப் பிடித்தபடியே உறைந்து உட்கார்ந்திருந்தேன். விட்டால் ஒடியும், பிடித்தால் 'இரண்டு' என்று சொல்லுமோ என்று பயம். அவர் தொட்டிக்கு அடியில் தன் இரண்டு கையையும் கொடுத்து, "நான் பிடிச்சிருக்கேன், நீ விடு" என்றார். விட்டேன். அதற்குப் பிறகு தொட்டிக்கு மரத்தில் சாய்மானம் ஒன்று செய்து திருகாணி போட்டார். நான் அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

ஒன்றரை மாதத்தில் தொட்டி ஏறக்குறைய படுத்துவிட்டது. அப்போதுதான் அதிசயம். தண்டு தரைக்கு இணையாகக் கிடக்க, அதன் மேல் பக்கத்திலிருந்த அத்தனை கிளைகளும், வாத்தியார் வெளியே போனதும் எழுந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக எழுந்தன. எண்ணினேன், பதினான்கு. எல்லாம் ஒரே உயரம். எதுவும் விளக்கில் முட்டவில்லை, எதுவும் நிழலில் கிடக்கவில்லை. பூப்பதற்காக அலமாரி விளக்கு நேரத்தைக் குறைத்ததும் பதினான்கிலும் பூ வைத்தது. வீடு முழுக்க வாடை. மூன்றாவது மாடிக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினாள். எனக்கு அது மல்லிகை வாசமாகத்தான் இருந்தது.

*

அறுவடை செய்யும் அதிகாரம் அலுவலருக்குத்தான். ஹிதாயா வந்து வெட்டி, அலமாரிக்குள்ளேயே உலரப் போட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். படுத்துக் கிடந்த தொட்டியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு நாள் கழித்துத் தராசோடு வந்தாள்.

எடை போட்டாள். மறுபடி போட்டாள். "முந்நூத்திப் பதினெட்டு" என்றாள்.

லூர்தையா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஹிதாயாவைக் கட்டிப்பிடித்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். தராசு கீழே விழப் பார்த்தது.

"அக்கா, ஒரு விஷயம்" என்றாள். "நீங்க தொட்டிய நகத்துற ஒவ்வொரு தடவையும் எனக்கு எச்சரிக்கை வரும். 'சந்தேகத்துக்குரிய அசைவு'ன்னு. தப்புன்னு நான் அழுத்தினா அலமாரி பூட்டிரும். சரின்னு அழுத்தினா விட்டுரும். எழுபத்தி நாலு தடவ வந்துச்சு."

"எழுபத்தி நாலும் சரின்னா போட்ட?"

"விதியில தொட்டியச் சாய்க்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லையேக்கா. நான் விதியத்தான் பாத்தேன்." தராசை எடுத்து ஓரமாக வைத்தாள். "தலைமை அலுவலகத்துல விளக்கம் கேட்டாங்க. அப்பதான் அவங்க பட்டியல நானும் பாத்தேன். 'பயிற்சி தேவையில்லை'ன்னு போட்டது நீங்க மட்டும் இல்ல. ஆயிரத்தி நூத்தி நாப்பது வீடு. எல்லாம் தமிழ்ல வந்த விண்ணப்பம்தான். வேற மொழியில ஒருத்தரும் போடல."

"அதப் பாத்தும் அவங்களுக்குப் புரியலையா?"

"அறிக்கையே எழுதியிருக்காங்கக்கா. 'தமிழர்கள் தாவரங்களை உயிராக மதிப்பதால் அவற்றைத் துன்புறுத்த விரும்புவதில்லை'ன்னு."

வருஷா வருஷம் முருங்கையை மொட்டை அடிக்கிற ஊரைப் பற்றி இப்படி ஓர் அறிக்கை. நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தபின் அவர்தான் கேட்டார்.

"அந்த ஆயிரத்தி நூத்தி நாப்பது வீடும் என்னம்மா ஆச்சு?"

ஹிதாயா கைப்பேசியை நீட்டினாள். எங்கள் அலமாரிக் கண் எடுத்த படங்கள். சேலை கட்டிய தொட்டி, திரி, சாய்மானம், ஒவ்வொரு நாளும் எவ்வளவு சாய்ந்தது என்று வரிசையாக. ஓரத்தில் என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

"மேல கேட்டா வேண்டாம்பாங்க. அதனால கேக்கல. எல்லா வீட்டுக்கும் அனுப்பிட்டேன். சந்தேகம் கேக்க உங்க நம்பரையும் போட்டுட்டேன். கோவிச்சுக்காதீங்க. நேத்து வரைக்கும் எண்ணூறு வீட்டுக்கு மேல தொட்டி சாஞ்சிருக்கு. எச்சரிக்கை வந்தா அந்தந்த ஊரு அலுவலருங்க சரின்னு போடுறாங்க. அவங்க வீட்டுலயும் யாராவது ஒருத்தர் இப்பிடி நோவோட இருக்காங்கக்கா."

*

பூவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் எண்ணெயாகத் திருப்பித் தந்தார்கள். பிறகு ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் நாள் தவறாமல் காலையில் சொட்டு எண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார், பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி. ஒரு முறை கூட வலிப்பு வரவில்லை. கைப்பேசி மட்டும் ஓயவில்லை. பட்டுக்கோட்டை, ராஜபாளையம், வந்தவாசி என்று எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். கிழக்கே சாய்ப்பதா மேற்கே சாய்ப்பதா, நல்ல நாள் பார்க்க வேண்டுமா என்றெல்லாம் கேட்பார்கள். அவர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் விரற்கடைக் கணக்குச் சொல்வார்.

இன்று காலை பத்தரை மணிக்கு ஒரு புது எண். வேதாரண்யத்திலிருந்து ஓர் அம்மாள். மகளுக்கு எட்டு வயதாம், புதிதாக அலமாரி வந்திருக்கிறதாம், இன்னும் அதே நான்கு பொத்தான்தானாம், அந்தம்மாளும் நான்காவதைத்தான் அழுத்தினாளாம். பேசப் பேசக் குரல் உடைந்தது.

"அண்ணன்கிட்டக் கொஞ்சம் பேசலாமா அக்கா? அவங்களுக்கு அந்த மருந்து நெசமாவே கேட்டுச்சான்னு அவங்க வாயால கேக்கணும்."

நான் பால்கனிக்கு வந்தேன். பங்குனியில் இப்படிக் காற்று அடித்து நான் பார்த்ததில்லை. கொடியில் கிடந்த துணி நிற்கவில்லை. துறைமுகத்தில் எல்லாக் கிரேனும் நின்றிருந்தது, ஒன்றைத் தவிர.

"அவுக வீட்டுல இல்லம்மா" என்றேன். "வேலைக்குப் போயிருக்காவ."

"வேலைக்கா அக்கா?" என்று கேட்டாள்.

"வேலைக்குத்தான்" என்றேன்.